பானம் என்ற சொல் பானையில் பிறந்ததா?

ஜூன் 4, மாலை (கேள்வி)

உறவினர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. பானையில் ஊற்றி வைத்துக் குடித்ததால் பானம் என்று பெயர் வந்ததாம், ஆகவே அது தூய தமிழாம், வடமொழிதான் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்படிச் சுற்றி வருவதில் பாதி கப்சா. இது உண்மையா? இல்லையென்றால் குடிக்கிற எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தமிழில் என்ன சொல்?

ஜூன் 4, இரவு (பதில்)

பானம் வடசொல்தான். வடமொழியில் 'பா' என்றால் குடி. அதிலிருந்து பானம். இந்த அச்சு நமக்கு ஏற்கெனவே பழக்கமானது: தா (கொடு) தானம் ஆனது, ஞா (அறி) ஞானம் ஆனது, யா (போ) யானம் ஆனது. மகாயானம், ஈனயானம் என்று பள்ளியில் படித்தோமே, அந்த யானம். அதே வரிசையில் பா, பானம். இதில் ஒன்றை மட்டும் உருவிப் பானைக்குள் போட்டால் தானத்தைத் தானையிலிருந்தும் (படை) யானத்தை யானையிலிருந்தும் வரவழைக்க வேண்டியிருக்கும். ஞானத்துக்கு என்ன செய்வார்களோ.

பானை நம் சொல்தான், அதில் சண்டையில்லை. தெலுங்கிலும் 'பான' உண்டு. ஆனால் பானையின் வேலை என்ன என்று பழமொழிகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானை பிடித்தவள் பாக்கியசாலி. இரண்டிலும் பானை அடுப்பில்தான் இருக்கிறது. தண்ணீர் எடுக்கக் குடம், கள் இறக்கக் கலயம், தயிர் கடையத் தாழி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாத்திரமும் பெயரும் வைத்திருந்த ஆட்கள், குடிப்பதற்குப் போய் சோறு பொங்குகிற பானையின் பெயரைச் சூட்டியிருப்பார்களா?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் நல்ல கேள்வி. அதற்கு உட்கார்ந்து எழுத வேண்டும்.

ஜூன் 5, காலை

வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீர் குடித்ததே இல்லையா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். குடித்திருக்கிறேன். அதற்காக அதை யாராவது பானம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "பானைத் தண்ணி" என்போம். பானை ஒரு சொல், தண்ணி ஒரு சொல், ஒன்றை இன்னொன்று பெற்றெடுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பானத்துக்கு ஒரு பாத்திர உறவு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது பானை இல்லை. பாத்திரமேதான். வடமொழியில் 'த்ர' என்ற விகுதி கருவியைக் குறிக்கும். 'நீ' என்றால் நடத்து, நம்மை நடத்திச் செல்லும் கருவி நேத்திரம், கண். 'வஸ்' என்றால் உடுத்து, உடுத்துவது வஸ்திரம். அப்படியே 'பா' என்றால் குடி, குடிக்க உதவும் கருவி பாத்திரம். முதற்பொருள் குடிகலம். பிறகுதான் சோற்றுச்சட்டி முதல் எவர்சில்வர் அண்டா வரை எல்லாம் அதற்குள் புகுந்துகொண்டன.

அப்புறம் இன்னும் தூரம் போய், எதையாவது ஏற்றுக்கொள்ளத் தகுதியானவர் என்ற பொருளும் வந்துவிட்டது. "அன்புக்குப் பாத்திரமானவர்" என்று பாராட்டுக் கூட்டங்களில் சொல்கிறோமே, அது. நாடகத்தில் வேடம் ஏற்பவரும் பாத்திரம் ஆனார். ஆக, தொலைக்காட்சித் தொடரில் அழுதுகொண்டிருக்கிற கதாபாத்திரம் வேரைப் பிடித்துப் பார்த்தால் ஒரு குவளை.

வாட்ஸாப்காரர் பானையை விட்டுப் பாத்திரத்தைப் பிடித்திருந்தால் பாதி சரியாகியிருக்கும். தூய தமிழ் என்ற பாதி மட்டும் கைநழுவிப் போயிருக்கும்.

ஜூன் 5, மதியம்

பால், பாயசம், பாகு, இவையும் 'பா' வழியா என்று கேட்டிருப்பவருக்கு: பால் நம்முடையது. தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. தமிழில் 'ப' என்று தொடங்கும் பழைய சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆகிவிடும். பல் ஹல்லு, போகு ஹோகு, புலி ஹுலி. கடன் வாங்கிய வடசொற்கள் பெரும்பாலும் இந்த மாற்றத்துக்குத் தப்பிவிட்டன. நம் பானகம் அங்கேயும் பானகதான், ஹானக ஆகவில்லை. எல்லாச் சொல்லுக்கும் இந்த உரைகல் போதாது, ஆனால் முதல் உரசலுக்கு நல்லது.

பாயசம் பால் வழி, ஆனால் நம் பால் வழி இல்லை. வடமொழியில் பயஸ் என்றால் பால், அதில் ஆனது பாயசம். ஒலியைப் பார்த்து உறவு கொண்டாடினால் இப்படித்தான் கல்யாண வீட்டில் தப்பான பந்தியில் போய் உட்கார நேரும்.

ஜூன் 5, இரவு

வேலை முடிந்து வந்து பார்த்தால் இழை எங்கேயோ போயிருக்கிறது. வடமொழிக்கும் ஐரோப்பாவுக்கும் சொந்தம் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு, இந்தச் சொல்லில் நன்றாகவே தெரியும். வடமொழியில் 'பிபதி' (குடிக்கிறான்), லத்தீனில் 'பிபெரே' (குடிக்க). அந்த பிபெரே பிரெஞ்சு வழியாகப் போய் ஆங்கிலத்தில் பெவரேஜ் ஆனது. பெவரேஜும் பானமும் ஒரே பாட்டியின் பேத்திகள். லத்தீனில் 'பொதியோ' என்றால் குடிக்கத் தரும் மருந்து. அது ஆங்கிலத்துக்குள் இரண்டு முறை நுழைந்தது, ஒருமுறை போஷன் என்று, இன்னொரு முறை பாய்ஸன் என்று. ரஷ்யாவில் பீருக்குப் 'பீவோ', அதுவும் இந்த வேர்தான். கிரேக்கத்தில் 'சிம்போசியம்' என்றால் சேர்ந்து உட்கார்ந்து குடிப்பது. இன்று கல்லூரிகளில் சிம்போசியம் என்று கூப்பிட்டுக் காகிதக் கோப்பையில் அரை வாய் தேநீர் தந்து அனுப்புகிறார்கள்.

இந்திப் பானியும் இந்த வீட்டுப் பிள்ளை. பானீயம் என்றால் குடிக்கத் தக்கது. அது தேய்ந்து பானி ஆனது, அதாவது தண்ணீர். பானிபூரி சாப்பிடும்போது பானத்தின் தம்பியைத்தான் பூரிக்குள் ஊற்றுகிறோம்.

வடமொழிக் கவிகள் இந்த 'பா'வை வைத்து விளையாடியதில் எனக்குப் பிடித்தவை மூன்று. மரம் பாதபம், காலால் குடிப்பது. யானை துவிபம், இரண்டு முறை குடிப்பது, முதலில் துதிக்கையால் உறிஞ்சிப் பிறகு வாயில் விட்டுக்கொள்வதால். வண்டு மதுபம், தேன் குடிப்பது. பாதபம் என்று மரத்துக்குப் பெயர் வைத்தவன் வேரடி மண்ணைத் தோண்டிப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 6, இரவு

சரி, இரண்டாம் பாதிக்கு வருவோம். குடிப்பதற்கெல்லாம் பொதுச்சொல்.

என் கட்சி இது: தமிழில் அந்த இடம் காலியாக இருந்து, பானம் வந்து நிரப்பியது என்பது சரியில்லை. அங்கே 'நீர்' உட்கார்ந்திருந்தது. இளநீர், பதநீர், தேநீர், வடிநீர், நீராகாரம், நீர்மோர். சித்த மருத்துவத்தில் கஷாயத்துக்கே பெயர் குடிநீர். நிலவேம்புக் குடிநீர், ஆடாதோடைக் குடிநீர். 2020-இல் தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்களே, அதை வாயில் வைத்த எவரும் அதைத் தண்ணீர் என்று நினைத்திருக்க மாட்டார். ஒரு பக்கம் குழாயில் வருவதும் குடிநீர், இன்னொரு பக்கம் நாக்கைச் சுருட்ட வைக்கும் கசப்பும் குடிநீர். இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது? நீர் என்பதற்குத் தண்ணீர் என்று மட்டும் பொருள் இருந்தால் பொருந்தாது. நீர்மமாக இருப்பது, குடிக்க முடிவது என்ற அகலமான பொருள் இருந்ததால் பொருந்துகிறது.

புறநானூறு 24-ஐ எடுத்துப் பாருங்கள். மாங்குடி கிழார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடியது. கடற்கரையில் மக்கள் மூன்றைக் கலந்து குடிக்கிறார்கள்: பனையின் குரும்பை நீர் (நுங்குத் தண்ணீர்), கரும்பின் தீஞ்சாறு, மணல்மேட்டில் நிற்கிற தாழையின் தீநீர் (தாழை என்றால் இங்கே தென்னை, ஆக இளநீர்). கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்கிறார்கள். அதைக் கவிஞர் எப்படிச் சொல்கிறார்? "முந்நீர் உண்டு முந்நீர்ப் பாயும்." முதல் முந்நீர் மூன்று நீர் சேர்ந்த கலவை, இரண்டாம் முந்நீர் கடல்.

கலவையில் ஒன்று கரும்புச் சாறு என்பதைக் கவனியுங்கள். அதைத் தனியாகச் சொல்லும்போது சாறு என்றுதான் சொல்கிறார், ஆனால் மூன்றையும் கூட்டித் தொகை போடும்போது 'நீர்' என்கிறார். அந்த இடத்தில் இன்று மெனு அச்சடிக்கிறவர் 'பானங்கள்' என்று போடுவார். மூன்று பானம் கலந்த ஒன்று, 'ட்ரிபிள் மிக்ஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். நுங்கும் இளநீரும் கருப்பஞ்சாறும் சேர்த்து எந்தக் கடையும் இதுவரை போடாதது ஆச்சரியம்தான்.

ஜூன் 7, காலை

"உண்டு" என்றிருக்கிறதே, குடித்து என்றில்லையே என்று கேட்டவருக்கு. உண் என்பது இரண்டுக்கும் பொது. குறளில் அதிகாரமே கள்ளுண்ணாமை, 93-ஆவது. "உண்ணற்க கள்ளை" என்கிறார். புறநானூறு 235-இல் அதியமானை நினைத்து அழும் பாட்டிலும் கள்ளை உண்கிறான்தான்.

குடிக்கும் தண்ணீருக்குக் கலித்தொகையில் 'உண்ணுநீர்' என்று வருகிறது. 51-ஆம் பாட்டு, கபிலர். சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்து வம்பு செய்த பையன், வளர்ந்த பிறகு வீட்டு வாசலில் வந்து நின்று உண்ணுநீர் வேட்டேன் என்கிறான், தண்ணீர் குடிக்க ஆசை என்று. அம்மா மகளைக் கூப்பிட்டு, பொன் செம்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வா என்கிறாள். கொடுக்கப் போனவளின் வளையல் கையைப் பிடித்துவிடுகிறான். அவள் அம்மாவென்று கத்துகிறாள், அம்மா அலறியடித்து ஓடி வருகிறாள், அதற்குள் இவளுக்கு மனசு மாறிவிடுகிறது: "உண்ணுநீர் விக்கினான்" என்று சமாளிக்கிறாள். அம்மா பாவம், அவன் முதுகைத் தடவிவிடுகிறாள். அவன் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறான்.

இந்த இழைக்கு வேண்டியது உண்ணுநீர் என்ற ஒரு சொல்தான், மீதியை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 7, இரவு

குடி என்ற சொல்லும் பழசுதான். அதற்குக் குடும்பம், குலம் என்று இன்னொரு வலுவான பொருளும் கூடவே இருந்தது. வள்ளுவர் 103-ஆவது அதிகாரத்துக்குக் குடிசெயல்வகை என்று பெயர் வைத்திருக்கிறார். குடும்பத்தை உயர்த்தும் வழி என்று அர்த்தம். இன்றைக்கு அந்தத் தலைப்பை மட்டும் ஒரு சுவரொட்டியில் போட்டால் கூட்டம் எதை எதிர்பார்த்து வரும் என்று சொல்ல வேண்டாம்.

பருகு, அருந்து, மாந்து, உறிஞ்சு. வினைச்சொல்லுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. இதை நாளைக்கு நீட்டுகிறேன், இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது.

ஜூன் 8

நாளைக்கு என்று சொன்னதை நீட்டும் முன் ஒரு சின்னச் சேர்க்கை. தமிழில் பானம் என்பது கடை, விளம்பரம் வழியாக இப்போதுதான் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பழைய தமிழ் விவிலியத்தைப் படித்து வளர்ந்தவர்களுக்குப் 'பானம்பண்ணு' என்பது காதில் ஊறிய சொல். "இந்த அப்பத்தைப் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணும்போதெல்லாம்" என்று திருவிருந்தில் வாசிப்பார்கள். நான் 5-ஆம் தேதி எழுதிய பாத்திரமும் பானமும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாக்கியம் இது. அரசனுக்கு மதுக்கிண்ணம் ஏந்துபவனுக்கு 'பானபாத்திரக்காரன்' என்று பெயர். நெகேமியா தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். கடவுளுக்கு வார்ப்பது பானபலி.

கோயில் பக்கம் வந்தால் பானகம். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. ராமநவமிக்குக் கட்டாயம் உண்டு. பேச்சில் பானக்கம், பானகரம் என்று பலவிதமாக உருளும். வைத்தியர் வீட்டில் அனுபானம், மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது. அனுபானம் தேன் என்று எழுதியிருக்கும், ஆனால் தேனில் சூரணத்தைக் குழைத்து நக்கத்தான் வேண்டும், குடிக்க முடியாது. பெயரில் மட்டும் பானம்.

ஆகப் பானம் நம்மிடம் ரொம்பக் காலமாகவே இருக்கிறது. ஆனால் கோயில், தேவாலயம், வைத்தியம், ஏடு என்று சட்டை போட்ட இடங்களில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் வரவில்லை. வீட்டில் யாராவது "பானம் வேண்டுமா" என்று கேட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

ஜூன் 10, இரவு

இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பிழைப்புத் தொடர்பு உண்டு. புட்டி, பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளுக்குத் தமிழ் வாசகம் எழுதிக் கொடுக்கும் வேலை கொஞ்ச காலம் பார்த்தேன். அங்கே பானம், சாறு என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் பெரிய அகழி ஓடுகிறது. சாறு என்று போட்டால் அது சாறாகவே இருக்க வேண்டும். தண்ணீரும் சர்க்கரையும் கலந்து உடனே குடிக்கும்படி அடைத்து விற்கும் பழ பானத்தில் பழச்சாறு குறைந்தது 10 விழுக்காடு இருந்தால் போதும், எலுமிச்சை வகை என்றால் 5 விழுக்காடு. இது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதாவது மாம்பழ பானம் என்று வாங்குவதில் பத்தில் ஒன்பது பங்கு மாம்பழம் அல்லாததாக இருக்கலாம், சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.

ஒரு நிறுவனத்தினர் சீட்டின் முகப்பில் 'மாம்பழச் சாறு' என்று பெரிதாகவும், கீழே பொடி எழுத்தில் 'பானம்' என்றும் போடச் சொன்னார்கள். "பானம் என்ற சொல் இருக்கிறதே, பொய் ஒன்றும் சொல்லவில்லையே" என்று வாதம் வேறு. பானம் என்ற சொல் எழுத்தின் அளவில்தான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. நான் இரண்டையும் ஒரே அளவில் ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அங்கிருந்து எனக்கு வேலை வரவில்லை.

இன்னொன்று 'ஆரோக்கிய பானம்', 'சத்து பானம்'. டப்பாவைத் திறந்தால் உள்ளே தூள்! தூள் எப்படிப் பானம் ஆகும்? பாலில் கரைத்தால் ஆகும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் உப்பையும் கடல் என்று விற்கலாம். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் விட்டது நினைவிருக்கும்: இந்த மாதிரிப் பொருள்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையில் வைக்காதீர்கள் என்று. காரணம், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகை வரையறுக்கப்படவே இல்லை. இத்தனை வருடம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கரைத்துக் கொடுத்த ஒரு வகை, சட்டப் புத்தகத்தில் கிடையவே கிடையாது.

ஜூன் 11

கடைப் பலகைப் படம் போட்டவருக்கு: ஆமாம், 'குளிர்பாணம்' என்று எழுதியிருக்கிறது. பாணம் என்றால் அம்பு. குளிர்ந்த அம்பு. மன்மதனிடம் ஐந்து உண்டு, பஞ்சபாணம், அதில் ஒன்றாக இருக்கலாம்.

கள் குடித்ததால்தான் பாணர் என்று பெயர் வந்தது என்று அதற்குக் கீழே ஒருவர். பாண் என்றால் பாட்டு, அதைப் பாடுபவர் பாணர். கள் அவர்களுக்குக் கிடைத்த கூலியில் ஒரு பகுதி, பெயர் அல்ல. ஈழத்து நண்பர்கள் பாண் என்றால் ரொட்டி என்பார்கள், அது போர்த்துக்கீசியர் விட்டுப்போனது, அதையும் இதற்குள் இழுக்க வேண்டாம்.

'குளிர்பானமா, குளிர்ப்பானமா'? குளிர்பானம். வினைத்தொகை, வலி மிகாது.

ஜூன் 14, இரவு

பொதுச்சொல்லாக வருவது எதுவானாலும் கொஞ்ச நாளில் மது பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதை யாராவது கவனித்திருக்கிறீர்களா? தண்ணி என்கிறோம், "தண்ணி போட்டிருக்கான்" என்கிறோம். குடி என்றாலே அது. "அவர் குடிப்பாரா?" என்று கேட்டால் மோரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் டிரிங்க்ஸ் என்றால் அதே கதை. வடமொழியிலும் தப்பவில்லை: அரசனுக்கு ஆகாத பழக்கங்களை அடுக்கும்போது மனு நூல் பானம் என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்கிறது, அடைமொழி இல்லாமலே கள் என்று புரிகிறது.

அரபியில் இன்னும் துலக்கம். ஷரிப என்றால் குடித்தான். ஷராப் என்றால் குடிப்பது, எதுவானாலும். அது பாரசீகம், உருது என்று வந்து சேர்ந்தபோது மது என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. அதே வேரில் வந்த இன்னொரு பிள்ளை சர்பத், ஒழுக்கமாக எலுமிச்சையும் நன்னாரியுமாக நம் தெருவுக்கு வந்தது. மூன்றாவது பிள்ளை ஐரோப்பா போய் லத்தீனில் பெயர் மாற்றிக்கொண்டு சிரப் ஆகி, இருமல் மருந்தாகத் திரும்பி வந்தது. குடிகாரன், சர்பத் கடைக்காரர், மருந்துக்கடைக்காரர் மூவரும் ஒரே அரபு வினைச்சொல்லை விற்று வாங்குகிறார்கள்.

தமிழில் விந்தை என்னவென்றால் பானத்துக்கு இந்த விபத்து நடக்கவில்லை. மது என்று ஒட்டினால்தான் மதுபானம், ஒட்டாவிட்டால் சோடா. பேச்சில் புழங்காததால் கெட்டுப்போகவும் வாய்ப்பில்லாமல் போய்விட்டது என்று தோன்றுகிறது. கெட்ட பெயர் முழுவதையும் தண்ணியும் குடியும் சுமந்துகொண்டன.

கள்ளுக்கென்று தனியாகவே பெயர்கள் வரிசைகட்டி நின்றன என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி. இதில் தோப்பி வீட்டில் நெல்லில் ஆக்குவது. தேறல் என்றால் தெளிந்தது. கலங்கலுக்கும் தெளிவுக்கும் வேறு வேறு பெயர் வைத்தவர்களுக்குப் பொதுச்சொல் எதற்கு?

ஜூன் 15

தேநீர் = தேன் + நீர் என்று எழுதியவரே, இல்லை. தே என்பது சீனத்தின் ஃபூஜியன் கரையோரப் பேச்சு. கடல் வழியாக வாங்கியவர்கள் பெரும்பாலும் தே, டீ என்றார்கள், தரை வழியாக வாங்கியவர்கள் சாய் என்றார்கள். ஈழத்தில் தேத்தண்ணி என்பார்கள், அழகான சொல். மறுபடியும் பாருங்கள், தே வெளியூர், பின்னால் ஒட்டுவது நம் தண்ணி. மிளகுத்தண்ணி ஆங்கிலத்தில் மல்லிகட்டானி ஆனதும் இந்தத் தண்ணியோடுதான்.

தண்ணீர் என்றால் தண் + நீர், குளிர்ந்த நீர். அதைச் சுடவைத்துச் 'சுடுதண்ணி' என்கிறோம். சுடுகிற குளிர்நீர். இதைக் கேட்டு இலக்கண ஆசிரியர்கள் நொந்துபோவார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. தண்ணிக்குள் இருந்த குளிர்ச்சி எப்போதோ ஆறிப்போய், பொதுவான நீர்மம் என்ற பொருள் மட்டும் நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காபிக்குக் குளம்பி என்று ஒருவர் நினைவூட்டினார். கொட்டை மாட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்திருப்பதால். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் காலையில் எழுந்ததும் குளம்பை நினைக்க எனக்கு மனமில்லை.

ஜூன் 17, இரவு

7-ஆம் தேதி தொங்கவிட்ட விஷயம். வினைச்சொல் நமக்கு நிறைய, பொதுப்பெயர் இல்லையே என்று கவலைப்படுபவர்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்று கவனிக்கவில்லை. விருந்தாளி வந்தால் என்ன கேட்கிறோம்? "குடிக்க என்ன கொண்டு வரட்டும்?" "குடிக்க ஏதாச்சும் வேணுமா?" அந்தக் 'குடிக்க'தான் நம் பானம். கடையில் போய் "குடிக்க என்ன இருக்கு?" என்கிறோம். "சாப்பிட என்ன, குடிக்க என்ன" என்று கேட்டால் சர்வர் இரண்டு வகையாகப் பிரித்து ஒப்பிக்கிறார். பெயர்ச்சொல் இல்லாமலே வேலை நடக்கிறது, நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

எழுத்தில் மட்டும் 'குடிக்க' என்று தலைப்புப் போட முடியாது என்று நினைக்கிறோம், அதனால் பானத்தைக் கூப்பிடுகிறோம். ஏன் முடியாது? மெனுவில் 'சாப்பிட', 'குடிக்க' என்று இரண்டு தலைப்புப் போட்டால் யாருக்குப் புரியாது? நான் சீட்டு எழுதிய காலத்தில் ஒரு தின்பண்ட நிறுவனத்துக்கு இதை எழுதிக் காட்டினேன். கொச்சையாக இருக்கிறது என்று அடித்துவிட்டார்கள். பருகுநீர், பருகுவன என்றெல்லாம் கேட்டால் தருவேன், நன்றாகவும் இருக்கும், ஆனால் பானத்தைத் துரத்திவிட்டு அந்த நாற்காலியில் இவற்றை உட்கார வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. வடசொல் என்பதற்காக ஒரு சொல்லைத் துரத்துவதும், பிடித்திருக்கிறது என்பதற்காகப் பானைக்குள் ஒளித்து வைப்பதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது.

ஜூன் 19

கடைசியாக ஒருவர் தூமபானம் என்றால் என்ன, புகையை எப்படிக் குடிப்பது என்று கேட்டிருக்கிறார். தூமம் புகை, தூமபானம் புகைபிடித்தல். வடமொழியில் புகையையும் குடிக்கத்தான் செய்கிறார்கள். சிரிக்க வேண்டாம், நம் கிராமங்களிலும் பெரியவர்கள் "சுருட்டு குடிக்கிறது", "பீடி குடிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். என் தாத்தாவுக்குக் கள், காபி, சுருட்டு மூன்றும் குடிக்கிறதுதான். மூன்றாவதை மட்டும் பாட்டி வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை.